ஏழாவது ஆள்

எங்கள் அடுக்ககத்தில் வருடா வருடம் பொங்கலுக்குப் பட்டிமன்றம் உண்டு. கோலப்போட்டி, உறியடி, மியூசிக்கல் சேர் எல்லாம் முடிந்து, சர்க்கரைப் பொங்கல் மயக்கத்தில் கண் சொருகும் ஜனங்களை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மைக்கை ஆன் செய்துவிடுவார்கள். குடும்பத்தில் கெட்டிக்காரர் கணவனா மனைவியா, நிம்மதி தருவது சொந்த வீடா வாடகை வீடா என்கிற மாதிரித் தலைப்புகள். யார் ஜெயித்தாலும் ஒன்றுதான், பேசியவர்கள் எல்லாருக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா கிடைக்கும். என் சமையலறையில் அப்படி வந்த டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் போன வாய். மைக்கைக் கண்டால் சும்மா இருக்காது.

காட்டுப்பாக்கத்தில் இந்த இரண்டு படுக்கையறை வீட்டை வாங்கி வந்து சில வருடங்கள் ஆகின்றன. என் கணவருக்குப் பூந்தமல்லி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு வேலை. ஒரே மகன், காலேஜ் போகிறான். அடுக்ககத்தில் முக்கால்வாசிப் பேர் வெளியூர்களிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள். பழகத் தங்கமானவர்கள்தான். மருதாணி வேண்டுமென்றால் என்னைத் தேடி வருவார்கள், கொழுக்கட்டை செய்தால் எனக்கு வந்துவிடும்.

இந்த வருடப் பட்டிமன்றத் தலைப்பை முடிவு செய்தவர் சங்கச் செயலாளர். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. நல்ல மனிதர், கிண்டலுக்குச் சொல்லவில்லை. துணிப்பை இல்லாமல் கடைக்குப் போக மாட்டார். மொட்டை மாடியில் காய்கறிக் கழிவை மக்க வைத்து உரமாக்கி, பொட்டலம் கட்டி எல்லா வீட்டுக்கும் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, ஏரியில் பிளாஸ்டிக் பொறுக்கப் போகலாம் வாருங்கள் என்பார். நானும் ஒன்றிரண்டு தடவை அவர்களோடு கொரட்டூர் ஏரி வரை போய், குனிந்து நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அவர் வைத்த தலைப்பு: ‘நிலத்தடி நீர் வற்றக் காரணம் மக்கள் பெருக்கமா, மக்களின் மனப்பான்மையா?’

பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார்.

“மேடம், இந்தத் தடவை நீங்க மக்கள் பெருக்கம் சைடுல பேசுங்க.”

“ஏன் சார், அந்தப் பக்கம் ஆள் இல்லையா?”

“ஆள் இருக்காங்க. நீங்க பேசினா வெயிட்டா இருக்கும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

“மத்தவங்க பேசினா யார் தப்பா எடுத்துக்குவாங்க?”

அவர் கொஞ்சம் நெளிந்தார். “இல்ல மேடம், உங்க கம்யூனிட்டியைச் சொல்லல. பொதுவா சொன்னேன்.”

அதுவரை எங்கள் பேச்சில் எந்த கம்யூனிட்டியும் இல்லை. அவரேதான் தூக்கிக்கொண்டு வந்து என் ஹாலில் நடுவாக வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை முகத்தில் மறைக்கவும் தெரியாது. ஒரே பிள்ளையோடு நிற்கிறவள் நான். அதுவும் இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதில் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்து பெற்றது. இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா? குடிவந்த புதிதில் லிஃப்டில் ஒரு அம்மா என் மகனைப் பார்த்துவிட்டு, “மத்த பசங்க ஊர்ல இருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை, இவன் மட்டும்தான் என்றேன். அந்த அம்மா நம்பவே இல்லை, அடுத்த வாரமும் கேட்டார்.

செயலாளரிடம் சொன்னேன்: “நான் மனப்பான்மை பக்கமே பேசறேன் சார். இப்பதான் கையில எக்ஸாம்பிள் கிடைச்சிருக்கு.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். புரிந்து சிரித்தாரா, புரியாமல் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன மழைக்காலத்தில் என் தங்கையின் கணவர் திடீரென்று மௌத்தாகிவிட்டார். கடையில் மெத்தைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். தங்கைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, அடுத்தவள் ஐந்தாவது, கடைக்குட்டிப் பையன் ஒன்றாவது. பூந்தமல்லியில் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். கணவரை இழந்தவள் நான்கு மாதச் சொச்சம் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். அது முடிந்து, பிள்ளைகளின் முழுப் பரீட்சையும் முடிந்ததும், நால்வரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் தம்பி போன சூட்டோடு, பெரியவளுக்கு ஒன்பதாவது போதும், பிறகு வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும், நல்ல இடம் வந்தால் பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார். அவளோ வகுப்பில் முதல் ஆள். எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு நல்ல அரசாங்க உதவி பெறும் பள்ளி இருக்கிறது, பத்தாவதுக்கு அங்கே சேர்த்துவிடலாம் என்று விசாரித்தும் வைத்திருந்தேன். ஆக, அவர்கள் வருவது வெறும் உறவு கொண்டாடுவதற்கு இல்லை. அந்தப் பெண் படிப்பாளா, பாத்திரம் தேய்ப்பாளா என்பது அதில் இருந்தது.

இதை நான் லிஃப்டில் யாரிடமோ சொல்லியிருந்தேன். எங்கள் அடுக்ககத்தில் லிஃப்டில் சொன்னது மொட்டை மாடி போவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

பட்டிமன்றம் நடந்தது. நடுவர், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு, முகத்தில் ஒரு நீதிபதிக் களை. செயலாளர் லேப்டாப்பை வைத்து, திரையில் கோடு கோடாக ஏறும் படமெல்லாம் காட்டினார். அவர் அணியில் பேசியவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். நான் ஒன்றைக் கவனித்தேன். ‘ஜனத்தொகை பெருகிவிட்டது’ என்று சொல்லும்போது அவரவர் கை தானாகக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நீண்டது. பூந்தமல்லி ரோட்டில் போகிற பஸ், ஷேர் ஆட்டோ, அதற்கப்பால் இருக்கிற ஓட்டு வீடுகள், அந்தப் பக்கம். ஒருவர்கூடத் தன் நெஞ்சைத் தொட்டு நானும் ஒருத்தன் என்று சொல்லவில்லை.

என் முறை வந்தது. “நடுவர் அவர்களே” என்று ஆரம்பித்தேன். கார் கழுவ ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டு போன் பேசுகிற அண்ணன்களைச் சொன்னேன். சுத்திகரிக்கிற மெஷின் ஒரு குடம் கொடுக்க அதற்கு மேல் சாக்கடையில் விடுவதைச் சொன்னேன். பக்கத்து அடுக்ககம் போர்வெல்லை ஆழமாக்கினால் நாமும் போட்டிக்கு ஆழமாக்குவதைச் சொன்னேன். “ஐயா, தண்ணியைக் குடிக்கிறது வாயா, குழாயா?” என்று கேட்டபோது விசில்கூட வந்தது. என் கணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ‘இவ வீட்ல பேசறதுல இது கால்வாசி’ என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நடுவர் எழுந்தார். இரண்டு பக்கத்தையும் பாராட்டினார். தண்ணீர் குடித்தார். துண்டைச் சரி செய்தார். “மனப்பான்மையை இன்று மாற்றலாம், நாளை மாற்றலாம். ஆனால் தலைகள் கூடிக்கொண்டே போனால்? எனவே, நிலத்தடி நீர் வற்றக் காரணம் மக்கள் பெருக்கமே, மக்கள் பெருக்கமே, மக்கள் பெருக்கமே!” என்று மூன்று முறை சொல்லி முடித்தார். கைதட்டல். எனக்கும் ஒரு டப்பா. தோற்ற கோபம் இரண்டு நாளில் போய்விட்டது.

மாசி முடிவதற்குள் போர்வெல்லில் காற்று வர ஆரம்பித்தது. லாரித் தண்ணீர்தான். காலையில் லாரிக்காரர் வந்து வாசலில் நின்று கத்துவார்: “இன்னா மேடம், இப்டி குறுக்க காரை வுட்டுகினு போய்ட்டா நான் எங்கேர்ந்து ஓஸை இழுக்கறது? யாருதுன்னு கேட்டு எடுக்கச் சொல்லுமா!” நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கார்க்காரருக்கு போன் போடுவேன். பங்குனி வெயில் வேறு. பக்கெட்டை எடுத்து வைக்கும்போதே எல்லார் முகமும் கடுகடுவென்று இருந்தது.

அப்போதுதான் பொதுக்குழு கூட்டினார்கள். ரமலான் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் நோன்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, தண்ணீரைப் பற்றிய கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன்.

செயலாளர் எழுந்து, தண்ணீர்ப் பற்றாக்குறையைச் சமாளிக்க ஒரு விதி கொண்டுவரலாம் என்றார். இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேருக்கு மேல் நிரந்தரமாக வசிக்கக் கூடாது. மூன்று படுக்கையறையென்றால் எட்டு. “இதுல புதுசா விவாதம் பண்ண ஒண்ணும் இல்ல. பொங்கல் பட்டிமன்றத்துலயே இதெல்லாம் பேசி, மக்கள் பெருக்கம்தான் காரணம்னு தீர்ப்பும் வந்தாச்சு.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. சிலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கும் பரிசு டப்பாவுக்கும் நடுவில் நடந்த ஒரு தமாஷ், சட்டமாகி வந்து நிற்கிறது!

எழுந்தேன். “சார், போன வருஷம் குடும்பத்துல கெட்டிக்காரி மனைவிதான்னு தீர்ப்பு வந்துச்சே. அதுக்கப்புறம் உங்க வீட்ல யார் பேச்சு எடுபடுது?”

இப்போது சிரித்தார்கள். ஆனால் நடுவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. “அம்மா, நான் சும்மா தீர்ப்பு சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் படிச்சுட்டு வந்துதான் உட்கார்ந்தேன். விளையாட்டா நினைக்காதீங்க” என்றார். அந்த மனிதர் ஓய்வு பெற்ற பிறகு அவர் சொல்லை நாலு பேர் கேட்ட ஒரே நாள் அதுதானோ என்னவோ. நான் அதற்குமேல் அவரிடம் பேசவில்லை.

“இது பேச்சிலர் பசங்களுக்காக மேடம். மூணாவது மாடியில ஒரே வீட்ல பத்து பேர் இருக்காங்க. உங்களுக்காக இல்ல” என்றார் செயலாளர்.

“எங்க வீட்டுக்கு என் தங்கச்சியும் பிள்ளைங்களும் வர்றாங்க. ஏழு பேர் ஆவோம். இது உங்களுக்கெல்லாம் தெரியும்.”

ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார், இன்னொருவர் தரையைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது.

“உங்க வீட்டுக்கு உங்க அப்பா அம்மா ஆறு மாசம், மாமனார் மாமியார் ஆறு மாசம் வர்றாங்களே, அது?”

“அவங்க கெஸ்ட் மேடம். நிரந்தரமா இல்லையே.”

வருடம் முழுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் கணக்கில் வர மாட்டார்கள். கணக்கு வேலை பார்க்கிற எனக்கே இப்படி ஒரு கணக்கு தெரியாமல் போயிற்று. வாய் உலர்ந்து வார்த்தை ஒட்டியது. இருந்தாலும் விடவில்லை.

“தலையை எண்றதுக்குப் பதிலா தண்ணியை எண்ணுங்க சார். வீட்டுக்கு வீடு மீட்டர் வைங்க. நாங்க ஏழு பேர் எவ்வளவு புழங்கறோமோ அதுக்கு நாங்க குடுத்துட்டுப் போறோம். காரைக் கழுவறவங்க அதுக்குக் குடுக்கட்டும்.”

செயலாளர் பொறுமையாகத்தான் சொன்னார்: “மீட்டர் வைக்கணும்னா பைப் லைன் பூரா மாத்தணும் மேடம். ஒவ்வொரு பாத்ரூமையும் உடைக்கணும். யார் ஒத்துப்பாங்க? ஆளை எண்றது ஈஸி.”

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆளை எண்ணுவது சுலபம். உண்மைதான். ஆளுக்குக் கை கால் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, வாசலில் நிற்கிறது. வீணாகிற தண்ணீர் சுவருக்குள் குழாயில் ஓடிவிடுகிறது. உலகத்தில் எங்கே தண்ணீர் பஞ்சம், காடு அழிகிறது, வெயில் கூடுகிறது என்றாலும் மேடையேறுகிறவர்கள் முதலில் தலையை எண்ண ஆரம்பிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார்கள். சிலர் என்னைப் பார்க்காமல் உயர்த்தினார்கள். சிலர் பாதி தூக்கி, தலையைச் சொறிகிற மாதிரி வைத்துக்கொண்டார்கள். விதி நிறைவேறியது.

ரமலானில் நான் தினமும் நோன்புக் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்கு அனுப்புவேன். செயலாளருக்கு அந்தக் கஞ்சி என்றால் உயிர். அன்று மாலை அவர் வீட்டுத் தூக்குப் பாத்திரத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கணவர் பேசாமல் அதை எடுத்து, கஞ்சியை ஊற்றி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். “நாளைக்கும் அவர் மூஞ்சியிலதானே முழிக்கணும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சட்டப்படி செல்லாதுங்க இது. நம்ம வீட்ல யார் இருக்கணும்னு இவங்க யாரு சொல்றதுக்கு?”

“செல்லாதுதான். கோர்ட்டுக்குப் போயிட்டு வந்து அதே லிஃப்ட்லதானே ஏறணும்?”

டி.வி.யில் அப்போது ஒரு அரசியல்வாதி பேசிக்கொண்டிருந்தார். நம் மாநிலத்தில் ஜனத்தொகை குறைந்துவிட்டது, இப்படியே போனால் டெல்லியில் நம் குரலும் குறைந்துவிடும், கல்யாணமானவர்கள் சட்டுப்புட்டென்று பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்ல, கூட்டம் கைதட்டியது. என் கணவர் பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு, “கேட்டியா? மேல இருக்கறவன் பெத்துக்கச் சொல்றான். கீழ இருக்கறவன் எண்ணிப் பார்த்து உள்ள விடறான். நடுவுல நாம எங்க நிக்கறது?” என்றார். அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தங்கைக்கு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறு பேருக்கு மேல் கூடாதாம், என்ன திமிர் பார், இவர்கள் அப்பன் வீட்டுத் தண்ணியா என்று கத்தினேன். “நீ ஒண்ணும் யோசிக்காதே. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே கிளம்பி வா. யார் என்ன சொல்றாங்கன்னு நான் பார்க்கறேன்” என்றேன். அவள் “சரிக்கா” என்றாள். அவள் எப்போதும் சரிக்கா என்றுதான் சொல்வாள்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை வந்தாள். நான் ஹாலில் சோபாவை ஓரம் கட்டி, புதுப் பாய்களும் தலையணைகளும் வாங்கி வைத்திருந்தேன். மகன் தன் அறையைக் காலி செய்து கொடுத்திருந்தான். அழைப்பு மணி அடித்ததும் ஓடிப் போய்த் திறந்தேன். தங்கை கையில் இரண்டு பை, பின்னால் நடுப்பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னவன். நான் அவர்களைத் தாண்டி லிஃப்டைப் பார்த்தேன்.

“பெரியவ எங்கடி?”

தங்கை செருப்பைக் கழற்றுவதற்குக் குனிந்தாள். நிமிரவே இல்லை. “அங்கயே இருக்கட்டும்க்கா. ஆறு பேர்தானே சொன்னாங்க.”

பொதுக்குழுவில் அத்தனை பேர் நடுவில் வாய் ஓயாமல் பேசியவளுக்கு, சொந்த வாசலில் ஒரு வார்த்தை வரவில்லை. என் தங்கை, தான் பெற்ற மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்து, அதில் ஒன்றைக் கழித்துவிட்டு வந்திருக்கிறாள்! யாருக்காக? ஏரிக்காகவா? நிலத்தடி நீருக்காகவா? அப்படியே உட்கார்ந்து அழுதேன். சின்னவன் என்னைப் பார்த்துப் பயந்து அவனும் அழுதான்.

மறுநாள் மதியம் கணவரிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிப் பூந்தமல்லி போனேன். மெட்ரோ தூண்களுக்கு நடுவில் பஸ் ஊர்ந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியவள் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு குவியல் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரிக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அவளுடைய பெரியத்தா, அதாவது அப்பாவின் அண்ணன், வாசலுக்கு வந்தார். “இங்கயே இருக்கட்டும்மா. உங்க பில்டிங்ல ரூலு போட்டுகிறாங்களாமே. நாங்க இன்னா பட்டினியா போடப் போறோம்?”

“பட்டினி போட மாட்டீங்க அண்ணே. பள்ளிக்கூடம்?”

“பத்தாவது படிச்சிட்டு இன்னா கலெக்டராவா ஆவப் போறா?”

“ஆவட்டுமே. ஆயிட்டா உங்களுக்கும் பெருமைதானே?” என்றேன். அவர் பதில் சொல்வதற்குள், “துணியை எடுத்து வைடி” என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். அவர் தடுக்கவில்லை. மனிதருக்குள்ளேயும் ஏதோ உறுத்தல் இருந்திருக்க வேண்டும், பஸ் நிறுத்தம் வரை வந்து பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன். “உங்கம்மா உன்னை விட்டுட்டு எப்படி வந்தா? எப்படி மனசு வந்துச்சு?”

“அம்மாவத் திட்டாதீங்க பெரிமா. அம்மா ஒண்ணும் சொல்லல. அழுதுகினே இருந்துச்சு. நான்தான் சொன்னேன்.”

“என்னன்னு?”

“தம்பி அம்மா இல்லாம தூங்க மாட்டான். தங்கச்சிக்கு வீசிங் கீது, உங்க வூட்டாண்ட ஆஸ்பத்திரி கீது. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல.”

எந்த நடுவரும் இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு சொன்னதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டது காதில் விழவில்லை.

காட்டுப்பாக்கத்தில் இறங்கி நடந்தோம். நிழலே இல்லாத ரோடு. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கடையில் ஏதாவது வாங்கித் தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். லிஃப்டில் ஏறினேன். எங்கள் மாடிப் பொத்தானை அழுத்தவில்லை, செயலாளர் மாடியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் அவரேதான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கக் கலக்கம், அரை டிராயர், பனியன்.

“சார், இவதான் ஏழாவது ஆள். அன்னிக்கு எண்ணினீங்க, ஆனா நேர்ல பார்க்கலையே. அதான் கூட்டிட்டு வந்தேன். கீழ இவ தங்கச்சியும் தம்பியும் இருக்காங்க. மூணு பேர்ல யாரைக் குறைக்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க. என் தங்கச்சிக்கு அது வரல சார், தப்பாக் குறைச்சிட்டா.”

“மேடம், என்ன மேடம் இது… பர்சனலா எடுத்துக்காதீங்க.”

“வேற எப்படி எடுத்துக்கறது சார்?”

அவர் என்னைப் பார்க்க முடியாமல் அவளைப் பார்த்தார். அவள் என் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். முன்னாலேயே சொன்னேனே, கெட்ட மனிதர் இல்லை.

“என்னம்மா படிக்கிற?” என்றார்.

“பத்தாவது போறேன் அங்கிள்.”

“உள்ள வாங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க” என்றவர், உள்ளே திரும்பி, “குடிக்கத் தண்ணி கொண்டா” என்று மனைவியிடம் சொன்னார். வீட்டுக்கு யார் வந்தாலும் நம் வாயில் முதலில் வருகிற வார்த்தை. அந்த அம்மா ஒரு பெரிய சொம்பும் டம்ளரும் கொண்டுவந்தார். ஊற்றி, அவளிடம் நீட்டினார்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். கையை நீட்டவில்லை.

“வேணாம் ஆன்ட்டி. தாகம் இல்ல.”

“குடிம்மா, பரவாயில்ல” என்றார் செயலாளர்.

“வேணாம் அங்கிள்” என்று தலையை ஆட்டினாள். மரியாதையாகத்தான் சொன்னாள். யாரையும் குத்திக் காட்ட அவளுக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்தில் தண்ணீர் கம்மி, தன்னால் இன்னும் கம்மியாகும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது, அவ்வளவுதான். நானும் குடிக்கவில்லை. அந்த அம்மா டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

அந்த விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை, யாரும் எங்களிடம் வந்து கேட்கவும் இல்லை. எங்களுக்குச் சலுகை காட்டியிருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும், நான் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன்.

அன்று செயலாளர் வீட்டிலிருந்து இறங்கி வந்து எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் அம்மாவிடம்கூடப் போகவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளரை எடுத்து, கேனிலிருந்து பாதி பிடித்து, குழாயை மூடினாள். மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், இவ்வளவு எடுக்கலாமா என்கிற மாதிரி.

“நிறையப் பிடிடி!” என்று கத்தினேன். அந்தக் கோபம் அவள்மேல் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பயந்துபோய் மறுபடி குழாயைத் திறந்தாள். டம்ளர் நிரம்பி, கொஞ்சம் தரையில் வழிந்தது. அவள் குடிக்கவில்லை. டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, துப்பட்டாவால் தரையைத் துடைத்தாள்.

“கொட்டிட்டேன் பெரிமா. இனிமே கொட்ட மாட்டேன்” என்றாள்.